பட்டாம்பூச்சி எண்ணிக்கை ஏறியிருக்கு... இங்கிலாந்து ஏன் இன்னும் கவலைப்படுது?

லண்டன்ல படிக்கிற ஃப்ரெண்டோ, வேலைக்குப் போன அண்ணனோ உங்களுக்கு இருந்தா, இந்த ஸ்டோரியைப் பார்த்திருப்பீங்க. கடலை ஒட்டி வெள்ளை வெளேர்னு செங்குத்துப் பாறை, மேலே பச்சைப் புல்வெளி, பின்னணியில் ரஹ்மான் பாட்டு. இடத்தின் பெயர் செவன் சிஸ்டர்ஸ். அங்கே போகிற எல்லோரும் கேமராவைக் கடல் பக்கம்தான் திருப்புகிறார்கள். காலடியில் இருக்கும் புல்லை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால், இங்கிலாந்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய விவாதம் அந்தப் புல்லைப் பற்றியது.

முதலில் கணக்கு. 'பட்டர்ஃபிளை கன்சர்வேஷன்' என்ற அமைப்பு 2010-லிருந்து ஒவ்வொரு ஜூலை, ஆகஸ்ட்டிலும் மூன்று வாரம் மக்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறது. வெயில் அடிக்கிற இடமா பார்த்து 15 நிமிஷம் நில்லுங்க, கண்ணில் படும் பட்டாம்பூச்சிகளை எண்ணுங்க, மொபைல் ஆப்பில் பதிவு பண்ணுங்க. அவ்வளவுதான். 2023-ல் ஒருமுறை எண்ணும்போது சராசரியாகக் கிடைத்தது 12. 2024-ல் அது 7-ஆகச் சரிந்தது. அதுவரை அவ்வளவு குறைந்ததே இல்லை. செப்டம்பரில் 'பட்டாம்பூச்சி அவசரநிலை' என்றே அறிவித்துவிட்டார்கள். நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளுக்கு எந்த விதிவிலக்கும் தரக் கூடாது என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கை. தடைசெய்த அந்த மருந்தில் ஒன்றை சுகர் பீட் விதையில் பூச 2022, 2023, 2024 என மூன்று வருஷம் வரிசையாக 'அவசர அனுமதி' கொடுத்திருந்தது அரசு. 2025 ஜனவரியில்தான் முடியாது என்று சொன்னது.

அந்தக் கோடையில் சராசரி 10.3. சரி, பிரச்னை முடிஞ்சுதுன்னு நாம அடுத்த ரீல்ஸுக்குப் போயிடலாமா?

அங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும். பட்டாம்பூச்சிக்குப் பறக்கவே வெயில் வேண்டும். உடம்பு சூடானால்தான் சிறகு அசையும். மழை விடாமல் பெய்தால் பறக்க முடியாது, ஜோடி சேர முடியாது, முட்டையிட முடியாது. 2024-ன் வசந்தம் மழையில் நனைந்தது. 2025-ன் வசந்தமும் கோடையும் பிரிட்டனில் அதுவரை பதிவானதிலேயே அதிக வெப்பம். ஆக, 7-லிருந்து 10.3-க்கு ஏறியதில் பெரும்பங்கு வானிலைக்குத்தான் என்பது என் கணிப்பு.

இன்னொண்ணு, ஏறியது யார்? அந்த வருஷம் அதிகமாகக் கண்ணில் பட்டவை லார்ஜ் ஒயிட், ஸ்மால் ஒயிட் என்ற இரண்டு வெள்ளை வகைகள். இவற்றின் புழுக்களுக்கு முட்டைகோஸ் குடும்பச் செடிகள் போதும். வீட்டுத் தோட்டம், சாலையோரம், எங்கே வேண்டுமானாலும் பிழைத்துக்கொள்ளும். எங்கும் பிழைக்கத் தெரியாத வகைகளின் கதை வேறு.

சத்தில்லாத மண், நிறைய பூ

செவன் சிஸ்டர்ஸ் இருக்கும் மலைத்தொடருக்கு சவுத் டவுன்ஸ் என்று பெயர். 'டவுன்' என்றதும் இறக்கம்னு நினைச்சுடாதீங்க. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் குன்று என்று அர்த்தம். மொத்தக் குன்றும் சாக்பீஸ் மாதிரியான சுண்ணாம்புப் பாறை. மேலே மண் மெல்லிசாக, சத்தில்லாமல் இருக்கும். அதனால் எந்தப் புல்லும் கொழுத்து வளர்ந்து மற்றதை அமுக்காது. பல நூறு வருஷமாக ஆடுகள் மேய்ந்து மேய்ந்து அதைக் கட்டையாகவே வைத்திருந்தன. விளைவு, ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள்கூட இருக்கும். அதே நிலத்தில் உரம் போட்டால் புல் பச்சைப்பசேல்னு வளரும், பூக்கள் காணாமல் போகும்.

அடோனிஸ் புளூ என்று ஒரு பட்டாம்பூச்சி. ஆண் பூச்சியின் நீலத்தைப் பார்த்தா ஃபில்டர் போட்ட மாதிரியே இருக்கும். இதன் புழு சாப்பிடுவது ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற ஒரே செடியைத்தான். அந்தச் செடி சுண்ணாம்பு நிலத்துப் புல்வெளியில்தான் வளரும். அதன் உறவினரான சாக்ஹில் புளூவுக்கும் அதே செடிதான். புல்வெளியை உழுதுவிட்டால் இவற்றுக்குப் போக்கிடமே கிடையாது.

2022-ல் வந்த அறிக்கை இதை எண்ணில் சொல்கிறது. 1976-லிருந்து, எங்கும் வாழும் சாதாரண வகைகள் காணப்படும் இடங்கள் 8 சதவிகிதம் குறைந்திருக்கின்றன. குறிப்பிட்ட வாழிடம் தேவைப்படும் வகைகளுக்கு அதே குறைவு 68 சதவிகிதம். தோட்டத்தில் நின்று எடுத்த சராசரியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

வேலி போட்டுக் காப்பாத்தப் போய்...

லார்ஜ் புளூ கதை இன்னும் விநோதமானது. இதன் புழு முதலில் காட்டு தைம் பூவைச் சாப்பிடும். பிறகு கீழே விழுந்து, எறும்புக் குஞ்சு மாதிரியே வாசனை விட்டு நடிக்கும். ஒருவகைச் செவ்வெறும்பு 'நம்ம புள்ளைடா' என்று புற்றுக்குத் தூக்கிட்டுப் போகும். அங்கே இது எறும்பின் குஞ்சுகளையே தின்று பல மாதம் வளரும். பக்கா வில்லன்!

இது அழிய ஆரம்பித்தபோது, சேகரிப்பாளர்கள் பிடிக்கிறார்கள் என்று பயந்து சில இடங்களில் வேலி போட்டார்கள். வேலிக்குள் ஆடு மாடும் வர முடியவில்லை. 1950-களில் மிக்ஸோமடோசிஸ் என்ற நோயில் முயல்களும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மேய ஆளில்லாமல் புல் சில சென்டிமீட்டர் உயர்ந்தது, நிழலில் மண் குளிர்ந்தது, அந்தச் செவ்வெறும்பு இடத்தைக் காலி செய்தது. 1979-ல் லார்ஜ் புளூ பிரிட்டனில் இருந்து மறைந்தே போனது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் ஜெரமி தாமஸ் என்ற விஞ்ஞானி. பிறகு ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து, 1980-களில் மீண்டும் குடியேற்றினார்கள். இன்று அது அங்கே பறப்பதற்குக் காரணம், புல்லை எப்போது, எவ்வளவு மேயவிட வேண்டும் என்று தெரிந்த ஆட்கள் இருப்பதுதான்.

காட்டிலும் இதே கணக்குதான். முன்பு மரங்களை அடியோடு வெட்டித் தழையவிடுவார்கள். வேலிக்கும் கரிக்கும் கம்பு கிடைக்கும், வெட்டிய இடத்தில் வெயில் விழும், வயலட் செடி முளைக்கும், ஃப்ரிட்டிலரி வகைகள் வரும். அதில் ஒன்றுக்கு 'மரவெட்டியின் நண்பன்' என்றே பட்டப்பெயர். வெட்டுவது நின்றதும் காடு இருண்டது. 'மரத்தைத் தொடாதே' என்று பழகிய நமக்கு இது ஜீரணிக்கக் கொஞ்சம் கஷ்டம்தான்.

காட்டு ராஜா பர்பிள் எம்பரர், ஓக் மரத்து உச்சியிலேயே இருக்கும். கீழே இறங்குவது சாணத்துக்கும் அழுகிய பொருளுக்கும்! அதைப் பார்க்க வருகிறவர்கள் இறால் விழுதைத் தடவி வைத்துக் காத்திருப்பார்கள். நம்ம ஊர்க் கருவாட்டு வாசனைதான், வேறென்ன. மேற்கு சசெக்ஸில் நெப் என்ற பண்ணை விவசாயத்தை விட்டு நிலத்தை இயற்கையிடம் கொடுத்தது. சாலோ என்ற வில்லோ வகைப் புதர்கள் மண்டின, எம்பரர் தானாகவே வந்து சேர்ந்தது.

நீங்க இப்போ அங்கே இருந்தா, அல்லது போகப்போறீங்கன்னா, மாதத்தைப் பார்த்துப் போங்க. மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் அடோனிஸ் புளூவின் முதல் தலைமுறை. ஜூன் இறுதி, ஜூலையில் காட்டுக்குள் எம்பரர். ஜூலை, ஆகஸ்ட்டில் சாக்ஹில் புளூ. அதைத் தவறவிட்டால் ஆகஸ்ட் கடைசியில் அடோனிஸ் மறுபடி வரும். லண்டன் விக்டோரியாவிலிருந்து லூயிஸுக்கு ரயிலில் ஒரு மணி நேரம். அங்கிருந்து மாலிங் டவுன் நடக்கிற தூரம்தான். உங்க நிழல் பூச்சி மேல விழாம நில்லுங்க. புல்லில் உண்ணி இருக்கும், முழுக்கால் பேன்ட் போடுங்க. செவன் சிஸ்டர்ஸில் பாறை விளிம்புக்குப் போகவே வேண்டாம், அந்தச் சுண்ணாம்பு சொல்லாம கொள்ளாம இடிந்து விழும்.

15 நிமிஷம் நின்றும் ஒன்றுகூட வரவில்லையா? ஆப்பில் பூஜ்ஜியம்னு போட்டு அனுப்புங்க. 2024-ல் அப்படிப் பூஜ்ஜியம் அனுப்பியவர்களும் சேர்ந்துதான் அந்த 7 வந்தது.