போகும்போது கொண்டுபோவது

உத்தியோகத்தை விட்டு விலகுகிறவர் கம்பெனிச் சொத்தைக் கையோடு கொண்டுபோவது கம்ப்யூட்டர் காலத்து வியாதி என்று பலர் எண்ணுகிறார்கள். அரியலூர்ச் சீமையின் பழங்கதை வேறு விதமாய்ச் சொல்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட நாளில் கே, கன்லிப் என்ற இரண்டு சிவில் உத்தியோகஸ்தர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் கல்லாய்ச் சமைந்த கடற்சிப்பிகளைச் சேகரித்தார்கள். அவை கப்பலேறி லண்டன் சேர்ந்தன. 1846-ல் எட்வர்டு போர்ப்ஸ் என்ற பண்டிதர் அவற்றைப் பற்றி அறிக்கை எழுதினார். சம்பளம் கம்பெனியுடையது, கல் நம் மண்ணுடையது, பெயர் மட்டும் துரைமாருடையது! பிற்பாடு பூகர்ப்ப ஸர்வே இலாகாவின் பிளான்போர்டு வந்தார். 1862-ல் வெளியான அவருடைய அறிக்கையில் ஒரு பாறைத் தொகுதிக்கே அரியலூர் என்று பெயர் வைத்தார். அவர் சேகரித்தது இலாகாவிடம் தங்கியது. ஆகவேதான் பின்வந்த ஸ்டோலிஸ்கா கல்கத்தாவில் இருந்தபடியே அவற்றை ஆராய்ந்து பெரும் நூல்கள் எழுத முடிந்தது.

மெக்கன்ஸி துரையின் விஷயம் இன்னும் வேடிக்கை. கம்பெனியின் ஸர்வே அதிகாரியான அவர் ஊர் ஊராய் ஆள் அனுப்பிச் சுவடிகள் திரட்டினார். சொந்தக் காசும் அதில் கரைந்தது. 1821-ல் அவர் காலமான பிறகு, அவர் மனைவியிடம் ஒரு லட்ச ரூபாய் கொடுத்துக் கம்பெனியே அவற்றை வாங்க நேர்ந்தது. எது யாருடையது என்று முன்னதாக எழுதி வைத்திருந்தார்களா?

இன்று அந்தச் சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லை அரைத்துத்தான் அரியலூர்ச் சிமெண்டு ஆலைகள் நடக்கின்றன. சூளையின் பதத்தை இருபது வருஷம் பார்த்துக் கற்றவர் வேறு ஆலைக்குப் போனால், அந்த அறிவை யார் பறிக்க முடியும்? தொழில் செய்யாதே என்று தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது என்கிறது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவு. ஆனால் வாடிக்கைக்காரர் ஜாபிதாவையும் விலைக் கணக்கையும் கட்டைவிரல் அளவுப் பென் டிரைவில் நகல் எடுத்துப்போவது வேறு சங்கதி. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, அநுமதியின்றி எடுத்தால் நஷ்டஈடு. வஞ்சக எண்ணமும் இருந்தால் மூன்று வருஷம் வரை சிறை விதிக்கலாம். “நான்தானே தயாரித்தேன்!” என்ற சமாதானமும் எடுபடாது. உத்தியோகத்தின் பேரில் எழுதியதற்குப் பதிப்புரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே.

அமெரிக்காவில் லெவண்டோவ்ஸ்கி என்ற என்ஜினீயர் கூகிள் கம்பெனியின் ரகசியத்தைக் கொண்டுபோனதாக ஒப்புக்கொண்டு 2020-ல் பதினெட்டு மாதத் தண்டனை பெற்றார். 2021-ல் ஜனாதிபதியே மன்னித்துவிட்டார். நம் ஊர்க் குமாஸ்தாவுக்கு ஜனாதிபதி வரை சிபாரிசு ஏது?

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. வேலையில் சேரும்போது வாங்கிய பரீட்சை அத்தாட்சிகளை இரும்புப் பெட்டியில் பூட்டிக்கொண்டு, விலகுகிறவரை மாதக்கணக்கில் அலைய வைக்கும் காரியாலயங்கள் உண்டு. அந்தக் காகிதங்கள் யாருடைய சொத்து என்று அவர்களும் சொல்லட்டும்.