கம்ப்யூட்டர் மெதுவானால் தூக்கிப் போடாதீர்கள், ஃபார்மேட்டும் போடாதீர்கள்



போன வாரம் மூத்த மாப்பிள்ளை போனில் கேட்டார். "மாமா, வீட்டுக் கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குள் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம். புதுசு வாங்கிடட்டுமா?" அதற்கு இரண்டு நாள் முன்னால் 2005 பேட்ச் மாணவன் ஒருவனும் மெசஞ்சரில் இதையேதான் கேட்டிருந்தான். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதிவு நீளம்தான். மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் போனால் பெரும்பாலும் காரணம் ஹார்ட் டிஸ்க். அதை மட்டும் மாற்றினால் போதும், மெஷினையே மாற்ற வேண்டியதில்லை. ஆனால் எதையும் தொடுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதை நகல் எடுத்து வையுங்கள். இந்தக் கடைசி வரியைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை அதிகம்.

எங்கள் வீட்டு மெஷின் 2014-ல் வாங்கியது. 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 4 ஜி.பி. ரேம். ஓய்வு பெற்ற பிறகு என் முழு நேர வேலையே அதில்தான். முப்பது வருடக் கேள்வித்தாள்கள், பள்ளி ஆண்டு விழாப் படங்கள், கல்விச் சுற்றுலாப் படங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து டி டிரைவில் சேர்த்து வைத்திருந்தேன். 2016-ல் அம்மா திண்ணையில் உட்கார்ந்து நம் குடும்பத்தில் யார் யாருக்குப் பிள்ளை, யார் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார்கள் என்று சொல்லச் சொல்லப் பதிவு செய்த 47 நிமிடக் குரலும் அதில்தான் இருந்தது.

2021-ல் மெஷின் திடீரென்று படுத்துவிட்டது. ஒரு ஃபோல்டரைத் திறந்தால் அரை நிமிடம் அப்படியே நின்றுவிடும். கடைக்குக் கொண்டுபோனேன். எந்தக் கடை என்று இங்கே சொல்லப் போவதில்லை. அந்தத் தம்பி பார்த்துவிட்டு, "ஃபார்மேட் போட்டா சரியாயிடும் சார்" என்றார். சி டிரைவை மட்டும்தான் அழிப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து டி டிரைவைத் திறந்தால் காலி.

அம்மாவின் குரல் மட்டும் தப்பியது. தங்கை மகள் ஊருக்குப் போகும்போது பென் டிரைவில் எடுத்துப் போயிருந்தாள். மற்றவை எல்லாம் போயின.

இதில் கொடுமை என்னவென்றால், மெஷின் பதினைந்து நாள் நன்றாக ஓடிவிட்டு மறுபடி பழையபடியே ஆகிவிட்டது. ஏனென்றால் நோய் விண்டோஸில் இல்லை, டிஸ்க்கில் இருந்தது. அது எனக்குத் தெரிய இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. விரைவு ஃபார்மேட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது மாதிரி, பக்கங்கள் அப்படியேதான் இருக்கும். அன்றைக்கே மெஷினை நிறுத்திவிட்டு, ஹார்ட் டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதாமல், தகவல் மீட்பு தெரிந்தவரிடம் கொடுத்திருந்தால் படங்களில் பெரும்பகுதியாவது கிடைத்திருக்கும். நான் இரண்டு வருடம் அதன் மேலேயே எழுதிக்கொண்டிருந்தேன்.

சரி, டிஸ்க் ஏன் மெதுவாகிறது? இயற்பியல் வாத்தியாரிடம் கேட்டால் கணக்கு போடாமல் விடமாட்டார்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி போல வழவழப்பான தட்டுகள் சுழல்கின்றன. மேசைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7200 சுற்று, மடிக்கணினியில் 5400. 7200-ஐ 60-ஆல் வகுத்தால் விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. நமக்கு வேண்டிய தகவல் ஊசிக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதாவது 4 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு முன்னால் ஊசியைத் தாங்கும் கை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஒரு 9 மில்லி விநாடி. ஆக 13. இந்தக் கணக்குப்படி வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தகவல்களை ஒரு விநாடியில் 75 தடவைதான் எடுக்க முடியும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது இப்படிச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளைப் படிக்கிறது. வகுத்துப் பாருங்கள், காபிக்கு நேரம் இருப்பது புரியும்.

நம் பள்ளிப் பதிவறையை நினைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழ் கேட்டு யாராவது வந்தால், அலுவலக உதவியாளர் எழுந்து போய் எந்த அலமாரி, எந்த வருடம் என்று தேடி, சேர்க்கைப் பதிவேட்டைக் கொண்டுவருவார். பதிவேட்டைப் படிக்க அரை நிமிடம், போய் வரத்தான் கால் மணி நேரம். எஸ்.எஸ்.டி. என்கிறார்களே, அதில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை, எல்லாம் சிப். எந்த அலமாரியும் கைக்கெட்டும் தூரம். ஒரு துண்டை எடுக்க ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். பெரிய சினிமாப் படம் ஒன்றை ஒரே மூச்சாகக் காப்பி செய்யும்போது எஸ்.எஸ்.டி. மூன்று நான்கு மடங்குதான் வேகம். சில்லறை வேலையில்தான் நூறு மடங்குக்கு மேல். வீட்டுக் கம்ப்யூட்டர் செய்வது முக்கால்வாசி சில்லறை வேலை.

டிஸ்க் நிறைய நிறைய வேகம் குறைவதற்கும் இயற்பியல்தான் காரணம். தட்டின் வெளி வட்டம் பெரியது, அதனால் ஒரு சுற்றில் அதிகத் தகவல் ஊசிக்குக் கீழே வரும். உள் வட்டத்தில் ஏறக்குறைய பாதிதான். டிஸ்க் வெளியிலிருந்து உள்ளே நிரம்பிக்கொண்டு போகும். அதோடு காலி இடம் குறையக் குறைய ஒரே ஃபைலைத் துண்டு துண்டாக அங்கங்கே செருக வேண்டி வரும். எனவே ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்களை அழித்தாலே பாதிப் பேருக்கு இடம் கிடைத்துவிடும். (எனக்கு அனுப்புகிறவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும்.)

சிதறிய துண்டுகளை ஒன்றாக அடுக்குவதற்குப் பெயர் டிஃப்ராக். ஒரு காலத்தில் நானே ஞாயிற்றுக்கிழமைதோறும் அதைப் போட்டுவிட்டு, சின்னச் சின்னக் கட்டங்கள் நகர்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து அதுவே அட்டவணை வைத்துச் செய்துகொள்கிறது, நாம் மெனக்கெட வேண்டாம். எஸ்.எஸ்.டி.க்கு டிஃப்ராக் தேவையே இல்லை, வீண் தேய்மானம்தான். அதற்கு வேண்டிய வேறு பராமரிப்பை விண்டோஸே பார்த்துக்கொள்ளும்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். "ஒரே கிளிக்கில் கம்ப்யூட்டர் வேகமாகும்" என்று விளம்பரம் வரும் கிளீனர்கள், பூஸ்டர்கள், ரெஜிஸ்ட்ரி சுத்தம் செய்பவை. இவற்றைப் போடாதீர்கள். 13 மில்லி விநாடியை எந்த மென்பொருளாலும் 1 ஆக்க முடியாது, தட்டு அதன் வேகத்தில்தான் சுற்றும். ரெஜிஸ்ட்ரி சுத்தம் செய்யும் மென்பொருள்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை. இவற்றில் பல, ஆன் செய்யும்போதே தாமும் எழுந்து உட்கார்ந்துகொண்டு டிஸ்க்குக்குக் கூடுதல் வேலை வைக்கும். யூடியூபில் இந்த சர்வீஸை நிறுத்து, அந்த சர்வீஸை நிறுத்து என்று சொல்வதைக் கேட்டு நானும் இரண்டை நிறுத்திப் பார்த்தேன். வேகம் கூடவில்லை. ஃபைல் தேடும் வசதிதான் படுத்துவிட்டது.

இலவசமாகச் செய்யக்கூடியதும் உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் என்ற பகுதி நீங்கள் எதுவும் செய்யாதபோதே 100 சதவீதத்தில் நின்றால், எந்த புரோகிராம் அதை ஆட்டுகிறது என்று பாருங்கள். ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றை அணையுங்கள். மெமரியும் நிரம்பி வழிந்தால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். ரேமில் இடமில்லாததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைத்து எடுத்துக்கொள்ளும், டிஸ்க் இரட்டை வேலை செய்யும். 4 ஜி.பி. ரேமில் பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்து வைத்துக்கொண்டு டிஸ்க்கைத் திட்டுவதில் நியாயமில்லை.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. 2023-ல் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தபோது கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. அதை இது படித்துக் காட்டும். நல்லதென்றால் நீலம், கவலைக்கிடமென்றால் மஞ்சள். என்னுடையது மஞ்சள். தட்டில் சில இடங்கள் கெட்டுப்போய்விட்டன. கெட்ட இடத்தைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும், அதுவரை மெஷின் உறைந்து நிற்கும். 2021-ல் அரை நிமிடம் நின்றதன் காரணம் அதுதான். "சார், இது ஸ்லோ இல்ல, சீரியஸ்" என்றான்.

படிப்படியாக மெதுவானது வேறு, திடீரென்று மெதுவானது வேறு. திடீரென்று நடந்தால், அல்லது டிக் டிக் என்று சத்தம் வந்தால், டிஃப்ராக் போடாதீர்கள், பிழை திருத்தும் சோதனையும் ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை ஓடச் சொல்வது போல அது. மஞ்சள் காட்டினால் முக்கியமானதை முதலில் வேறு இடத்துக்கு எடுங்கள். சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒரு விதிவிலக்கும் சொல்ல வேண்டும். என் மைத்துனர் வீட்டில் இதே தொல்லைக்குக் காரணம் டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் கேபிள். கேபிளை மாற்றியதும் சரியாகிவிட்டது.

அந்த மாணவன் நகல் எடுத்துவிட்டு 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டான். இன்னொரு 4 ஜி.பி. ரேமும் சேர்த்தான். நான் வாங்கியபோது இரண்டும் சேர்ந்து 3000 ரூபாய்க்குள் முடிந்தது. இன்றைய விலையைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். நான்கு நிமிடம் எடுத்த மெஷின் அரை நிமிடத்தில் தயாராகிறது. அதே போர்டு, அதே பிராசஸர். புதுசு வாங்கியிருந்தால் 40,000 ஆகியிருக்கும்.

எஸ்.எஸ்.டி.யிலும் குறை உண்டு. அது சாகும்போது பல சமயம் முன்னறிவிப்பே தராது. அதில் அழித்ததை மீட்பதும் பெரும்பாலும் முடியாத காரியம், நான் சொன்ன பொருளடக்கக் கதை அங்கே செல்லாது. மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் பீரோவில் வைக்கவும் அது ஏற்றதல்ல. அதனால் வேலைக்கு எஸ்.எஸ்.டி., சேமிப்புக்குத் தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் என்று வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு அதைச் செருகி நகல் எடுத்துவிட்டுக் கழற்றிவிடுவேன். இன்னொரு நகல் மகள் வீட்டில்.

என் மகன் இதற்கெல்லாம் ஒப்பமாட்டான். "அப்பா, விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. உங்க மெஷின் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை. அதில் போய்ச் செலவு செய்கிறீர்களே" என்பான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத மெஷினில் வங்கி வேலை பார்க்கக்கூடாது, நான் பார்ப்பதும் இல்லை. இப்போது அதில் லினக்ஸ் மின்ட் ஓடுகிறது, திருத்தங்களும் வருகின்றன. தட்டச்சு, படம் பார்ப்பது, பாட்டு கேட்பது, காணொளி அழைப்பு எல்லாம் நடக்கிறது. அலுவலக மென்பொருள் கட்டாயம் என்பவர்களுக்கு மகன் சொல்வதுதான் சரி. வீட்டு உபயோகத்துக்கு நான் சொல்வது சரி.

அரசுப் பள்ளியில் என்னிடம் படித்தவர்களில் பலருக்கு, 2011-ல் தொடங்கிய திட்டத்தில் விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. இன்று அது எங்கே என்று கேட்டால் பரணைக் காட்டுகிறீர்கள். போன மாதம் ஒரு மாணவி தன்னுடையதைக் கொண்டுவந்தாள். 5400 சுற்று டிஸ்க், உள்ளே அவள் கல்லூரிப் படங்கள். முதலில் படங்களை எடுத்தோம், பிறகு அதே அளவு எஸ்.எஸ்.டி. ஒன்றைத் திருகாணி கழற்றி மாட்டினோம், முக்கால் மணி நேரம். பேட்டரி செத்துவிட்டது, சார்ஜரில் போட்டால்தான் ஓடும். அவள் மகள் அதில் தமிழ்த் தட்டச்சு பழகுகிறாள். உங்களுடையதையும் இறக்கிப் பாருங்கள். எழுப்ப முடியாவிட்டாலும் உள்ளே இருக்கும் படங்களையாவது எடுத்துவிடுங்கள், பழைய டிஸ்க் பரணில் என்றைக்கும் காத்திருக்காது.

அப்படி இறக்கும்போது ஓர் உதவி. 2009 பத்தாம் வகுப்பு ஆ பிரிவு தஞ்சாவூர் சுற்றுலா போனோமே, பெரிய கோயில் நந்திக்கு முன்னால் எல்லோரும் நின்று எடுத்த படம், அதே வருட ஆண்டு விழா நாடகப் படங்கள், என்னிடம் இப்போது இல்லை. யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அல்ல, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், தரம் குறையாமல் வரும்.