ஊத்துக்குளிக்குப் போன உறைகள்



சென்ற இதழ் ஊத்துக்கோட்டை வாசகர்கள் பதினோரு பேருக்கு வந்து சேரவில்லை. தபால்காரரைக் கோபிக்காதீர்கள், தப்பு எங்களுடையது. சந்தாப் பட்டியலைச் சரிபார்த்து முகவரிச் சீட்டு அச்சிடும் வேலையை ஒரு ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் விட்டிருந்தோம். ஆங்கிலத்தில் அரைகுறையாக அடித்திருந்த ஊர்ப் பெயரை அது ஊத்துக்குளி என்று 'திருத்தியது'. பிறகு பின்கோடு பொருந்தவில்லை என்று அதையும் மாற்றியது. மாவட்டம் திருப்பூர் ஆனது. எல்லா முகவரியும் சரிபார்த்தாயிற்று என்று கடைசியில் ஓர் அறிக்கை வேறு! வெண்ணெய்க்குப் பேர்போன ஊரில் போய் நம் இதழ் இறங்கியது.

கேட்டதற்குப் பதில் எழுதும் சாட்ஜிபிடி இப்போது வீட்டுப் பிள்ளைகளுக்கே பழக்கம். ஏஜென்ட்டுக்குள் இருப்பதும் அதே வகை மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) தான். ஆனால் அதன் கையில் கருவிகளைக் கொடுத்திருக்கிறார்கள். கோப்பைத் திறக்கும், மின்னஞ்சல் அனுப்பும், ஒரு படியில் கிடைத்ததைப் பார்த்து அடுத்த படியைத் தானே முடிவு செய்யும். நம் சோஹோ நிறுவனம் 2025 ஜூலையில் தன் சொந்த மொழி மாதிரியோடு ஆயத்த ஏஜென்ட்டுகளையும் வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், சாட்ஜிபிடிக்குள்ளேயே பொருள் வாங்கி யுபிஐ-யில் பணம் கட்டும் சோதனை இந்தியாவில் அறிவிக்கப்பட்டது. முகவரியோடு போயிற்று என்று நான் ஆறுதல்பட்டுக்கொள்கிறேன்.

சிக்கல் எங்கே என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லக் கண்டலேறு கால்வாய் போதும். ஆந்திராவோடு செய்த 1983 ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீரில் நமக்கு ஒதுக்கீடு 15 டி.எம்.சி.; வழியில் கசிந்தும் ஆவியாகியும் போவதற்கு 3 கழித்து, எல்லையில் தரவேண்டியது 12. (அந்தப் 12-உம் முழுசாக வராத வருடங்களே அதிகம், அது வேறு கதை.) கண்டலேறிலிருந்து 152 கிலோமீட்டர் ஓடி வரும் தண்ணீரை எல்லையில் இருக்கும் நம் ஜீரோ பாயின்ட்டில் அளக்கிறார்கள். அணையில் திறந்துவிட்ட கணக்கை யாரும் அப்படியே, அது போய்ச் சேரும் பூண்டி ஏரியின் வரவில் எழுதுவதில்லை.

ஏஜென்ட்டின் வேலையும் படிக்குப் படி கசிகிறது. ஒரு படியை நூற்றுக்கு 95 தடவை சரியாகச் செய்கிறது என்று வையுங்கள், கெட்டிக்காரத்தனம்தான். அப்படி இருபது படி சேர்ந்தால், முழு வேலையும் பிழையின்றி முடிவது நூற்றுக்கு சுமார் 36 தடவை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஒரு மாதிரி அலுவலகத்தையே கணினியில் அமைத்து ஏஜென்ட்டுகளை வேலைக்கு விட்டார்கள். 2024 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட முடிவில், முதலிடம் பிடித்ததுகூட முழுதாக முடித்தது கால்வாசி வேலையைத்தான். அதன்பின் வந்தவை தேறியிருக்கின்றன. ஆனாலும் தண்ணீருக்கு இல்லாத ஒரு கெட்ட குணம் இதற்கு உண்டு: தண்ணீர் குறைந்தால் குறைந்தது தெரியும், இது குறையையும் நிறைவாக எழுதிக் காட்டும்.

ஏஜென்ட்டை நாங்கள் நிறுத்தவில்லை. மூன்று நாள் வேலை ஒரு காலையில் முடிகிறதே, எப்படி நிறுத்துவது? ஆனால் நாங்களும் ஒரு ஜீரோ பாயின்ட் வைத்துவிட்டோம். எதை எதை மாற்றியது என்று அது தனியே பட்டியல் தரவேண்டும். பல வருடமாய் உறை ஒட்டிவரும் எங்கள் அலுவலக அக்கா பார்த்துச் சரி சொன்ன பிறகே அச்சு. முதல் நாளே இரண்டு பெயரைப் பிடித்தார்.

பதினோரு பேருக்கும் இதழை மறுபடி அனுப்பியிருக்கிறோம். ஊத்துக்குளிக்குப் போனவற்றில் பத்து உறைகள் திரும்பிவிட்டன. ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. அங்கே யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

அன்புடன்,
ஆசிரியர்