மொட்டை மாடிக்கு மெத்தை

எதிர் வீட்டு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் இரண்டு துண்டுகளுடன் வந்தார். ஒன்று பன்ரொட்டி மாதிரி அமுங்கியது. மற்றது மரக்கட்டை மாதிரி விறைத்து நின்றது.

"மாடி அறையில் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை, ஸார். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் ராத்திரியெல்லாம் அதைக் கக்குகிறது. மொட்டை மாடியில் பாலியூரிதேன் நுரை அடித்தால் சூடு இறங்காதாம். மெத்தென்ற நுரை விலை மலிவு. எதை அடிக்கட்டும்?"

பென்ஷன் பணம். விளையாட்டாகப் பதில் சொல்ல முடியுமா?

இரண்டும் ஒரே குலத்தில் பிறந்தவைதான். துப்பாக்கி போன்ற கருவியில் இரண்டு திரவங்கள் கலந்து பீறிட்டு, சில விநாடிகளில் பொங்கி இறுகிவிடுகின்றன. வித்தியாசம் உள்ளே இருக்கும் நுண்ணறைகளில். மெத்தென்ற நுரையில் அவை திறந்திருக்கும். ஒரு கன மீட்டர் சுமார் 8 கிலோதான். கெட்டி நுரையில் மூடியிருக்கும். மாடித் தளத்துக்கு அடிப்பது 40 கிலோவுக்கு மேல். ஒரே பருமனில், கெட்டி நுரை ஒன்றரை மடங்குக்கு மேல் உஷ்ணத்தைத் தடுக்கும்.

நான் இப்படி விளக்கிக்கொண்டிருக்க, என் மனைவி பேசாமல் இரண்டையும் வாளித் தண்ணீரில் அமுக்கி எடுத்தாள். மெத்தென்றது சொட்டச் சொட்ட வந்தது. கெட்டியானதை முந்தானையால் ஒரு துடைப்பு, உலர்ந்துவிட்டது!

"ஐப்பசி மழைக்கு எது தாங்கும் என்று தெரிந்துவிட்டதே!" என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். மெத்தென்ற நுரை, மழை படாத உட்சுவருக்கு நல்லது, ஓசையையும் அடக்கும். திறந்த மாடிக்குக் கெட்டி நுரைதான். ஆனால் முதலில் விரிசல்களை அடைத்து, தளத்தை நன்றாக உலரவிட வேண்டும். தண்ணீர் வடிய வாட்டமும் வேண்டும். வெயில் பட்டால் நுரை பொடிந்துவிடும். ஆகவே மேலே பூச்சோ, காரையிட்டுத் தட்டோடோ அவசியம். இந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

"இன்னொன்று, ஸார். அடிக்கும்போது எழும் ஆவி ஆஸ்துமாவைக் கிளப்பும். அன்று அம்மாவை உங்கள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். 24 மணி நேரம் கழித்து அழைத்து வரலாம்."

ஹெட்மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "நுரைகூடச் சுலபம், ஸார். அம்மாவை மாப்பிள்ளை வீட்டில் ஒரு ராத்திரி தங்கவைப்பதுதான் கஷ்டம்!"