பசு பூஜையும் பசுவின் க்ஷேமமும்

மாட்டுப் பொங்கலன்று ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் மாட்டின் கொம்புக்கு வர்ணம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். குளிப்பாட்டுகிற மட்டில் மாட்டுக்கும் லாபந்தான். ஆனால் அந்தக் குங்குமத்துக்குக் கீழே இருக்கிற மாடு எப்படி இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் எத்தனை பேர் என்றுதான் நாம் கேட்கிறோம்.

பால் சங்கத்தில் பாலைப் பரிசோதிக்கிறார்கள். கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கிய சத்து எவ்வளவு என்று கணக்குப் பார்த்து விலை கொடுக்கிறார்கள். பாலைக் கொடுத்த பசுவுக்கோ ஒரு பரிசோதனையும் கிடையாது. அது நொண்டுகிறதா, கழுத்துக் கயிறு புண்ணாக்கியிருக்கிறதா, கன்று உயிரோடிருக்கிறதா என்று எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

பசுவைத் தெய்வமென்று சொல்லாத, அதை வெட்டித் தின்கிற ஐரோப்பியர்கள் 2009-இல் இதற்கென்றே ஒரு பரிசோதனை முறையை எழுதி வைத்தார்கள். விலா எலும்பு தெரிகிறதா, கால் மூட்டில் காயமுண்டா, தண்ணீர்த் தொட்டி சுத்தமா என்று பார்ப்பதோடு, ஒருவர் கையை நீட்டிக்கொண்டு மாட்டை நெருங்கி, அது எவ்வளவு தூரத்தில் பின்வாங்குகிறது என்றும் அளக்கிறார்கள். அடிபட்ட மாடு எட்டவே விலகிவிடும். நம்முடைய கோபூஜைக்காரர்களைக் கையை நீட்டிக்கொண்டு போகச் சொல்லிப் பார்க்கலாம்! ஐரோப்பியப் பண்ணைகளில் கொடுமை ஒழிந்துவிட்டதென்று நாம் சொல்லவரவில்லை. கொடுமையை அளந்து எழுதுகிற யோக்கியதையாவது அவர்களுக்கு வந்திருக்கிறது என்கிறோம்.

நம் நாட்டு ஜீவகாருண்யம் என்ன? கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோலை அடைத்து, தாயின் முன் நிறுத்திப் பால் கறப்பது. பால் சுரக்க மாட்டின் உடம்பைக் கெடுக்கும் ஊசி போடுவதை 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் குற்றமென்கிறது; ஆனால் தொழுவத்துக்குப் போய்ப் பார்ப்பது யார்? டிராக்டர் வந்த பிறகு ஏருக்கும் வேண்டாததாகிவிட்ட காளைக் கன்றுக்குத் தாய்ப்பாலே மிஞ்சுவதில்லை. 1976-இல் சர்க்கார் பசுவை வெட்டக்கூடாதென்று உத்தரவிட்டார்கள். அந்த உத்தரவு கத்தியைத் தடுத்ததேயொழிய, பால் வற்றிய பசுவுக்கு ஒரு பிடி வைக்கோல் போடவில்லை. அது சந்தைக்குப் போகிறது. அப்புறம் எங்கே போகிறது என்று விற்றவரும் கேட்பதில்லை, பால் குடித்தவரும் கேட்பதில்லை. அதன் தோலைப் பதனிடுகிறவன் மட்டும் தீட்டுக்காரன்! அந்தத் தோலில் செய்த ஜோட்டைப் போட்டுக்கொண்டு கோவில் வாசல்வரை போகிறவர் பரிசுத்தவான்!

ஆம்பூருக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. தோல் ஷாப்புகளின் கழிவும் உப்பும் பாலாற்றில் சேர்ந்ததனால் இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுவதுமோ ஒரு பகுதியோ பயிருக்கு லாயக்கற்றுப் போனதாக ஆய்வு கண்டதை, சுப்ரீம் கோர்ட்டின் 1996-ஆம் வருஷத் தீர்ப்பே எடுத்துச் சொல்லுகிறது. 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு இதே ஆற்றுக்காக மறுபடியும் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. நஷ்டஈடு பற்றியும் கோர்ட்டு உத்தரவிட்டது; பேச்சு மனிதரையும் நிலத்தையும் பற்றியது. கறவைக் கலப்பின மாடு வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 50, 60 லிட்டர் தண்ணீர் குடிக்கும். கிணறு உப்பானால் அதன் தொட்டியும் உப்புத்தான். உப்பு மிகுந்தால் மாடு குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் பாலும் குறையும். பசும்புல் விளைய வேண்டிய நிலம் கெட்டால் தீவனத்தையும் காசு கொடுத்தே வாங்கவேண்டும்.

இதற்காக ஒன்றிரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற ஏழைப் பெண்கள்மேல் குற்றஞ்சாட்டுவது அயோக்கியத்தனம் என்போம். வெட்டுக்கூலியில்லாமல் புல் வராது, தவிடு கடனுக்கு வராது. 2022-இல் ஆவின் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆயிற்று. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தார்கள். ஊக்கத்தொகை கொடுக்க வழி தெரிந்த சர்க்காருக்கு, நொண்டாத மாட்டுக்கும் உயிரோடிருக்கும் கன்றுக்கும் ஒரு ரூபாய் சேர்த்துக் கொடுக்க வழி தெரியாதா? மாதம் ஒருமுறை கால்நடை டாக்டரோ, பழக்கிய ஓர் ஆளோ தொழுவத்துக்குப் போய்க் காலையும் கன்றையும் பார்த்து எழுதினால் போதும்.

ஆம்பூர் வட்டாரத்தில் அதற்கும் முந்திய வேலை தொட்டித் தண்ணீரைப் பரிசோதிப்பது. பால் சங்கங்கள் அதில் எவ்வளவு உப்பு என்பதைப் பலகையில் எழுதி, பால் விலைக்குப் பக்கத்தில் மாட்டட்டும்; உப்பு மிகுந்த கிராமங்களில் மாட்டுக்கு நல்ல தண்ணீர் கொடுக்கும் செலவைத் தண்ணீரைக் கெடுத்தவர்களிடம் வசூலிக்கட்டும்.