விடை 106... அப்புறம்?

காலையில் காலேஜுக்குக் கிளம்புகிறவன் கையில் பேப்பர் இருக்கிறதோ இல்லையோ, செல்போனில் "இன்றைய பத்து கேள்விகள்" இருக்கிறது. நடப்பு நிகழ்வுகள் என்று பெயர். ஏ, பி, சி, டி. பஸ் ரெண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் பத்தும் முடிந்துவிடும். எட்டு சரி, ரெண்டு தப்பு. அவ்வளவுதான், நேற்றைய உலகம் முழுக்கப் படித்தாகிவிட்டது :-)

வினாடி வினாவையே குறை சொல்வதற்கில்லை. 1967ல் கல்கத்தாவில் ஒரு சர்ச் ஹாலில் நீல் ஓ'பிரையன் ஆரம்பித்து வைத்த விஷயம். அப்புறம் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு, 2000ல் இந்தியில் அமிதாப், தமிழில் சரத்குமாரின் கோடீஸ்வரன் என்று வீட்டுக்கு வீடு வந்தது. நல்ல கேள்வி என்றால் விடை தெரியாதவனும் கேட்டதும் "அட!" என்பான். அந்த "அட" தான் மொத்த சுவாரசியமும்.

இந்தத் தினசரி கேள்விகளில் அது கிடையாது. ஒரு செய்தியிலிருந்து ஒரு எண், ஒரு பெயர், ஒரு தேதி... இதை மட்டும் உருவிக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பல சமயம் செய்தியே அந்த மீதியில்தான் இருக்கிறது.

உதாரணத்துக்கு ஒன்று. "மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் சட்டத் திருத்தம் எத்தனையாவது?" விடை 106. எந்த ஆண்டு? 2023. மக்களவையில் ஆதரவு எத்தனை? 454. எதிர்ப்பு? 2. நாலு கேள்வி, நாலு மார்க், வெரிகுட்.

அந்த ரெண்டு பேர் ஏன் எதிர்த்தார்கள்? ஒவைசி கட்சிக்காரர்கள். பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கும் முஸ்லிம் பெண்களுக்கும் உள் ஒதுக்கீடு இல்லை என்பது அவர்கள் வாதம். அது சரியா தப்பா என்று ஒரு மணி நேரம் சண்டை போடலாம், போடவும் வேண்டும். ஆனால் "2" என்று டிக் அடித்தவனுக்கு சண்டை போட ஏது விஷயம்?

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சட்டம் வந்த பிறகு எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதற்கப்புறம் தொகுதி மறுவரையறை, இதெல்லாம் முடிந்தால்தான் ஒதுக்கீடு என்று 2023 சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அதனால் எட்டே மாசத்தில் முடிந்த 2024 மக்களவைத் தேர்தலுக்கு அது பொருந்தவில்லை. ஜெயித்து வந்த 543 பேரில் பெண்கள் 74 பேர். தமிழ்நாட்டின் 39ல் 5 பேர். 1996ல் முதல் மசோதா வந்ததிலிருந்து இழுத்துக்கொண்டே வந்த கதை இது. 2010ல் மாநிலங்களவை தாண்டியும் மக்களவையில் படுத்துவிட்டது. இவ்வளவையும் மறைத்துக்கொண்டு "106" மட்டும் சமர்த்தாக மனப்பாடம் ஆகிவிடுகிறது.

சில சமயம் கேள்வியே ஓட்டையாக இருக்கும். "நிலவின் தென் துருவத்தில் முதலில் இறங்கிய நாடு?" இந்தியா என்று எழுதினால் மார்க். சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது கிட்டத்தட்ட 69 டிகிரி தெற்கில். அதற்கு முன் யாரும் அவ்வளவு தெற்கே பத்திரமாக இறங்கியதில்லை, சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் துருவம் என்பது 90 டிகிரி! "தென் துருவத்தை ஒட்டிய பகுதி" என்று போட்டால் ஆப்ஷனில் இடம் பத்தாதோ என்னவோ. தேசிய விளையாட்டு ஹாக்கி என்று தலைமுறை தலைமுறையாகப் படித்தார்களே, 2012ல் ஒரு சின்னப் பெண் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகமே பதில் சொன்னது. கோச்சிங் புத்தகங்கள் திருந்தினவா என்று கேட்காதீர்கள்.

"டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவனுக்கு இதெல்லாம் ஆடம்பரம், அவனுக்கு மார்க்தான் சோறு" என்பார்கள். நியாயமான பேச்சு. ஒரு மார்க்கில் வேலை போனவன் வீட்டு நிலைமை என்னவென்று அவனுக்குத்தான் தெரியும். ஆனால் அதே ஆள் குரூப் 4 பாஸ் பண்ணி வி.ஏ.ஓ.வாக ஒரு கிராமத்தில் போய் உட்காரப் போகிறான். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீதம், 2016ல் வந்தது, இது அவனுக்கு அத்துப்படி. ஊராட்சித் தலைவியின் நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வான்? அந்த "50" அங்கே எதற்கு உதவும்?

பத்து கேள்வி வேண்டாம், மூணு போதும். ஒவ்வொரு விடைக்குக் கீழேயும் சொந்தமாக நாலு வரி எழுதிப் பார்க்கட்டும். இது ஏன் நடந்தது, யாருக்கு லாபம், யாருக்கு வலி. நாலு வரியும் தப்பாகவே இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்து சீட்டுக்காரன் திருத்துவான். காலேஜ் நோட்டீஸ் போர்டில் "இன்றைய வினா" போடுகிறவர்களும் அடியில் நாலு விரற்கடை இடம் காலியாக விட்டால் புண்ணியம். முதல் நாள் சினிமா பேர்தான் கிறுக்குவார்கள். ரெண்டாம் நாளும் அதேதான். ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம்.

ஆரம்பிக்க ஒரு கேள்வி: 454 பேர் கை தூக்கிய சட்டம், அடுத்து வந்த தேர்தலுக்கே ஏன் பொருந்தவில்லை? ஆப்ஷன் கிடையாது.