கதைக் காட்டுக்குச் சிலைகள் வேண்டாம்

இங்கிலாந்தில் கிராலி என்ற ஊரில் என் மகள் குடும்பம் இருக்கிறது. ஆகஸ்ட் விடுமுறைக்குப் போயிருந்தபோது, ராத்திரிக் கதை சொல்லும் வேலை எனக்கு வந்தது. ஆறு வயதுப் பேத்தி தினமும் கொண்டுவந்து நீட்டிய புத்தகம் ‘வின்னி த பூ’. ஆங்கில வரியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். தேனுக்கு உயிரை விடும் கரடி பூ, பயந்தாங்கொள்ளிப் பன்றிக்குட்டி, எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்ளும் கழுதை. கழுதையை மட்டும் எங்கள் திருநெல்வேலிப் பேச்சில் பேசவிட்டேன். “ஆச்சி, கழுதை பேசுனத இன்னொரு தடவ சொல்லுங்க” என்பாள்.

அந்த வாரம் ஒரு காட்டுப் பாதைக்குப் போனோம். வேறொரு பிரபலமான கதையின் பாத்திரங்களை மரத்தில் செதுக்கி, வழிநெடுக நிறுத்தியிருந்தார்கள். வேலைப்பாடு அருமை. ஆனால் பேரனும் பேத்தியும் ஒரு சிலையிலிருந்து அடுத்த சிலைக்கு ஓடினார்கள். பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ‘இன்னும் எத்தனை பாக்கி?’ என்று கேட்டார்கள். கடைசிச் சிலை முடிந்ததும் காருக்குத் திரும்பிவிட்டோம். நடுவில் இருந்த காட்டை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. 31 வருஷம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். குழந்தை எண்ணத் தொடங்கிவிட்டால் பார்ப்பதை நிறுத்திவிடும் என்பது எனக்குத் தெரியும்.

‘பூ’ கதையின் காடு பக்கத்தில்தான் இருக்கிறது என்றார் மாப்பிள்ளை. கிழக்கு சசெக்ஸில் உள்ள ஆஷ்டவுன் காடு அது. எழுத்தாளர் ஏ. ஏ. மில்ன் 1925-இல் ஹார்ட்ஃபீல்டு கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டை வாங்கினார். அவருடைய சின்ன மகன் கிறிஸ்டோபர் ராபின் அந்தக் காட்டில்தான் சுற்றித் திரிந்தான். பையனையும் அவனுடைய பொம்மைகளையும் வைத்து மில்ன் எழுதிய கதை 1926-இல் வெளியானது. படம் போட்ட ஈ. எச். ஷெப்பர்டு, காட்டுக்கே வந்து பார்த்து வரைந்தவர்.

கில்ஸ் லேப் என்ற மேட்டில் இறங்கியதும் பேத்தி கேட்ட முதல் கேள்வி, “காடு எங்க ஆச்சி?” நியாயமான கேள்வி. அடர்ந்த மரம் எதுவும் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஊதாப் பூப் பூத்த ஹெதர் செடி, முள்புதர், நடுநடுவே பைன் மரங்கள். பழைய ஆங்கிலேய வழக்கத்தில் ‘ஃபாரஸ்ட்’ என்றால் ராஜா வேட்டைக்கு ஒதுக்கிய நிலம்; அதில் மரம் நிறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. சுற்றுவட்டாரத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக ஆடுமாடு மேய்த்தும், மாட்டுக்குப் படுக்கையாகப் புதர் அறுத்தும் வந்ததால் அது திறந்தவெளியாகவே நின்றது. மேய்ச்சல் நின்றால் பிர்ச்சும் பைனும் முளைத்து மூடிவிடும். அதனால் இன்றும் ஆடுகளை மேயவிட்டு அதைக் காக்கிறார்கள்.

அந்த மேட்டில் கரடி இல்லை, கழுதை இல்லை. மில்னுக்கும் ஷெப்பர்டுக்கும் ஒரு நினைவுக் கல் இருக்கிறது, அவ்வளவுதான். பேரனுக்கு முகம் விழுந்துவிட்டது. மகள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பைன் மரங்கள் உள்ள ஒரு படத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். அவன் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினான். கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தான். பின்னால் போனான். பிறகு குனிந்து பார்த்தான். படம் போட்டவர் உட்கார்ந்துதான் வரைந்திருப்பார் என்று அவனாகவே கண்டுபிடித்துக்கொண்டான். படத்தில் இருக்கும் கிளை வளைவு எதிரில் நிற்கும் எந்த மரத்தில் இருக்கிறது என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். அரை மணி நேரம் ஓடியது. ‘எத்தனை பாக்கி’ என்று ஒருவரும் கேட்கவில்லை.

சிலை அங்கே நின்றிருந்தால் அந்த அரை மணி நேரம் கிடைத்திருக்காது.

அங்கிருந்து பாலத்துக்குப் போனோம். ஓடையில் குச்சி போட்டு விளையாடும் விளையாட்டு கதையில் வருமே, அந்தப் பாலம். மேல்பக்கம் ஆளுக்கொரு குச்சி போட வேண்டும். ஓடிப்போய் மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். யார் குச்சி முதலில் வருகிறதோ அவர் ஜெயித்தார். 1907-இல் கட்டிய மரப்பாலம், வருகிறவர்கள் மிதித்து மிதித்தே தேய்ந்துபோனது. 1979-இல் சீர்செய்து திறந்தபோது, வளர்ந்து பெரியவராகிவிட்ட கிறிஸ்டோபர் ராபினே வந்திருந்தார். 1999-இல் அதே சாயலில் புதிதாகக் கட்டினார்கள். பழைய பாலத்தின் மரம் 2021-இல் 1,31,625 பவுண்டுக்கு ஏலம் போனது.

வழியிலேயே குச்சி பொறுக்கிக்கொள்ளச் சொன்னார் மாப்பிள்ளை. ஏன் என்று அங்கே போனதும் புரிந்தது. பாலத்தைச் சுற்றி ஒரு சுள்ளி கிடையாது. எட்டும் உயரத்தில் இருந்த கிளைகளை வருகிறவர்கள் ஒடித்திருந்தார்கள்; ஒடித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. மனசு கஷ்டப்பட்டது. போகிறவர்கள் தயவுசெய்து கீழே விழுந்த குச்சியைத் தூரத்திலிருந்தே எடுத்துப் போங்கள்.

சின்னக் குழந்தைகளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா, சிலை இருந்தால்தானே காட்டுக்கே வருவார்கள் என்று மகள் வாதாடினாள். ஒரு மரத்தடியில் யாரோ பொருத்தியிருந்த சின்னக் கதவைப் பார்த்துப் பேத்தி தட்டிவிட்டு நின்றதை நானும் பார்த்தேன். ஒரு கதவு போதும். உள்ளே இருப்பவரைக் குழந்தை வைத்துக்கொள்ளும். உள்ளே இருப்பவரையும் நாமே செய்து வெளியே நிறுத்துவதுதான் எனக்கு ஆகவில்லை. 1988-இல் அந்தக் காடு விலைக்கு வந்தபோது கவுன்ட்டி நிர்வாகம் அதை வாங்கியது. பொதுமக்களும் பணம் கொடுத்தார்கள். காடு அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் கொடுத்தார்கள். நம் ஊர்ப் பூங்காக்களில் சிமெண்ட் மானும் சிமெண்ட் யானையும் வைக்கிறவர்களிடமும் இதையேதான் கேட்கிறேன். அந்தப் பணத்தில் பாதையைச் சீராக்குங்கள், கழிப்பறை கட்டுங்கள், ஒரு வரைபடம் அச்சடித்துக் கொடுங்கள். மரத்தை மரமாக விடுங்கள்.

பேத்தியின் குச்சி மறுபக்கம் வரவே இல்லை. தண்ணீர் குறைவு, பலகைக்கடியில் எங்கோ செருகிக்கொண்டது. பாலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு இடுக்கு வழியே பார்த்தாள். பின்னால் இன்னொரு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது, அவர்களும் அவசரப்படுத்தவில்லை. “கழுத பிடிச்சு வச்சிருக்கு ஆச்சி” என்றாள். பிறகு கீழே பார்த்து, என்னைப் போலவே நீட்டி இழுத்து, “குடுத்துரும்வே” என்றாள்.